துருப்பிடிக்கும் சைக்கிள் யாருக்குச் சொந்தம்?

(திருச்சியில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரை)



அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1991ல் தொடங்கப்பட்டது 'பெடல்ஸ் ஃபார் புரோகிரஸ்' என்ற அமைப்பு. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய சைக்கிள்களைத் தொண்டர்கள் திரட்டுகிறார்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கன்டெய்னரில் நெருக்கி அடுக்கி ஏழை நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். வணிகர்களே, கவனியுங்கள்! சைக்கிளைக் கொடுப்பவரிடமே கப்பல் செலவுக்கும் ஒரு தொகை கேட்கிறார்கள். போய்ச் சேரும் ஊரில் பழுது பார்த்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். மெக்கானிக்குக்கும் பிழைப்பு!

சைக்கிள் என்ன செய்துவிடும் என்று கேட்கிறீர்களா? பக்கத்துப் புதுக்கோட்டையைப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, 1991-92ல் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. நம் சமுதாயப் பெண்களும் ஓட்டினார்கள். கேலி பேசியவர்களும் உண்டு, பேசட்டும்! ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது, விளைபொருள் நேராகச் சந்தைக்குப் போனது.

சுனாமிக்குப் பின் 2005ல் இலங்கையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை 'வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்' வழங்கியது. அவை புதியவை.

நம் பாலக்கரையில், உறையூரில் மாடிப்படிக்கு அடியில் எத்தனை கிடக்கின்றன? பிள்ளை பள்ளியில் வாங்கிய அரசு சைக்கிள், கல்லூரிக்குப் போனதும் டயர் செத்துக் கிடக்கிறது. இளைஞர்களே, வீடு வீடாகக் கேளுங்கள். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்திலும் கேளுங்கள். கப்பல் பிறகு, முதலில் மணப்பாறை, துறையூர்ப் பக்கம் நடந்தே பள்ளி போகும் பிள்ளைகளைத் தேடுங்கள். டியூப், செயின், பிரேக் கட்டைச் செலவைக் கடைக்காரர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். கொடுக்குமுன் நீங்களே ஏறி காந்தி மார்க்கெட் வரை ஓட்டிப் பாருங்கள். ஓடாத வண்டியை யார் தலையிலும் கட்டாதீர்கள்!