பிறந்த தேசம் எது என்று பிள்ளையைக் கேட்பதா?



பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது கொடுக்கப்படுகிற விண்ணப்பத் தாளைப் பற்றிப் பேசும்படி இன்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது. புராணத்தைப் பற்றிப் பேசினால் கேட்க வேடிக்கையாயிருக்கும், ஒரு தாளைப் பற்றி என்ன பிரசங்கம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் புராணம் கெடுத்த குடும்பங்களைப் போலவே தாள் கெடுத்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. ஆதலால் சற்றுப் பொறுமையாய்க் கேளுங்கள். கேட்டபின் உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

அந்தத் தாளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர் முதலியவைகளோடு ஒரு கட்டம் இருக்கின்றது. பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது கொடுக்கிற டி.சி.யிலும் அது இருக்கின்றது. அதற்குத் "தேசிய இனம்" என்று பெயர். பக்கத்திலேயே சமயமும் ஜாதியும் கேட்கப்பட்டிருக்கும். நம்மில் பெரும்பாலோர் "இந்தியன்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்திற்குப் போய்விடுகிறோம். அது ஒரு கேள்வியாகவே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அந்த இடத்திற்கு வந்தவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உபாத்தியாயர் முகத்தைப் பார்க்கிற தகப்பன்மார்கள் வெகு தூரத்தில் இல்லை. இங்கிருந்து புழல் காவாங்கரைக்குப் போனால் பார்க்கலாம். எண்ணூர் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போனால் பார்க்கலாம்.

அவர்கள் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள். 1983ஆம் வருஷத்துக் கலவரத்திற்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி வந்தவர்கள். 2021இல் இந்த ராஜ்யத்துச் சர்க்கார் "அகதி முகாம்" என்ற பெயரை எடுத்துவிட்டு "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் வைத்தார்கள். நல்ல காரியந்தான். புது வீடுகளும் கட்டிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், அதுவும் நல்ல காரியந்தான். ஆனால் முகாமில் பிறந்த பிள்ளையின் தேசம் மட்டும் மாறவில்லை. இந்த ஜில்லா ஆஸ்பத்திரியில் பிறந்து, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் படிக்கிற பிள்ளை, தான் ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத ஒரு தேசத்தின் பேரைத் தன்னுடையதாக எழுத வேண்டியிருக்கிறது.

இதற்குக் காரணமென்ன? சட்டத்தைப் பாருங்கள். இந்தியப் பிரஜா உரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26ந் தேதி முதல் 1987 ஜூலை 1ந் தேதிக்கு முன்வரையில் இந்த நாட்டில் பிறந்தவன், பெற்றோர் யாராயிருந்தாலும் பிறப்பினாலேயே பிரஜை. அந்தத் தேதி முதல் பிறந்தவனுக்குத் தாய் தகப்பன் இருவரில் ஒருவராவது பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3ந் தேதிக்குப் பிறகு பிறந்தவனுக்கு அதுவும் போதாது. ஒருவர் பிரஜையாயிருந்தாலும் மற்றவர் அனுமதியின்றி வந்தவராயிருக்கக் கூடாது. தோழர்களே, ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில், இரண்டு பிள்ளைகள். மூத்தது 1987 மே மாதத்தில் பிறந்தது, அது இந்தியன். இளையது 1989இல் பிறந்தது, அது அந்நியன். நம் ஊர் ஜோசியன் நட்சத்திரத்தைப் பார்த்துப் பிள்ளையின் தலையெழுத்தைச் சொல்கிறான் என்று நாம் சிரிக்கிறோம். அவனுடைய பஞ்சாங்கத்திற்கும் இந்தப் பஞ்சாங்கத்திற்கும் என்ன வித்தியாசம்? ஜோசியன் சொன்னதையாவது நம்பாமல் இருந்துவிடலாம். இதை நம்பாமலிருந்தால் பாஸ்போர்ட்டு கிடைக்காது.

இது என் கற்பனையல்ல. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட்டு மறுக்கப்பட்டு, அவர் ஐக்கோர்ட்டுக்குப் போய், 2022இல் மதுரைக் கிளை அவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரஜை என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் தெளிவாக இருக்கும்போதே முப்பத்தாறு வயது வரையில் காத்திருக்க வேண்டியிருந்ததென்றால், சட்டமே எதிராயிருக்கிற இளையவர்களின் கதியை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். 2019இல் வந்த திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம்கள் அல்லாத ஆறு மதத்தாருக்கு வழி செய்யப்பட்டது. அதில் இலங்கையின் பெயர் இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, சீட்டு இல்லாததற்காகத் தண்டனை இல்லையென்று டில்லியில் உத்திரவு போட்டார்கள். தண்டனை இல்லையென்றுதான் சொல்லப்பட்டதே ஒழிய, பிரஜை என்று சொல்லப்படவில்லை.

நிற்க, பிறந்த தேசத்தைப் பற்றிப் பேச இந்த வடசென்னையைப் போலத் தகுதியுள்ள ஊர் வேறு எது? 1860இல் "ட்ரூரோ" என்கிற கப்பல் நேட்டாலில் கரும்பு வெட்ட முதன்முதலாகக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது இந்தச் சென்னைக் கரையிலிருந்துதான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இங்கிருந்துதான் நம்முடைய ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். நூறு வருஷம் கழித்து, பர்மாவில் 1962இல் பட்டாளத்தார் ஆட்சிக்கு வந்து கடைகளைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, லட்சக்கணக்கானவர்கள் அதே கரைக்குத் திரும்பி வந்தார்கள். எர்ணாவூர்ப் பக்கம் பர்மா நகர் என்று பெயர் இருப்பதும், வியாசர்பாடியில் அத்தோ விற்கப்படுவதும் எதனால்? என் பாட்டியாரும் அப்படி வந்தவர்தான். பிறந்த ஊர் ரங்கூன். அவருக்குப் பர்மாக்காரன் "நீ இந்தியாக்காரி" என்றான். இங்கு வந்தபிறகு தெருவிலே "பர்மாக்காரி" என்றார்கள். சாகும் வரையில் அவருக்கு அந்தப் பெயர்தான். ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கு இந்தத் துறைமுகத்துப் பள்ளிக்கூடங்கள் கதவைச் சாத்தவில்லை. அதனால்தான் அவர்கள் வீட்டில் இன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கைத் தோட்டக் காடுகளில் நடந்ததோ இதைவிடக் கேவலம். 1948இல் அங்கே ஒரு பிரஜா உரிமைச் சட்டம் செய்தார்கள். நீ இலங்கையில் பிறந்தது போதாது, உன் தகப்பனும் இலங்கையில் பிறந்தானென்று ரூஜுப்படுத்து, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததைக் காட்டு என்றார்கள். தேயிலைச் செடிக்கடியில் பிள்ளை பெற்றவளிடம் ஏது பதிவுச் சீட்டு? ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கானவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களானார்கள். பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று! சந்தையிலே மாடு பிடிக்கிறவன்கூட மாட்டைப் பல் பார்த்துத்தான் பேரம் பேசுவான். இவர்கள் மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கு அங்கே உரிமை கிடைக்க 2003 வரையில் ஆயிற்று.

பகுத்தறிவுக்காரனுக்கு இதிலென்ன அக்கறை என்று கேட்கலாம். எல்லா அக்கறையும் இதில்தான் இருக்கிறது. புரோகிதன் நம்மைப் பார்த்து என்ன கேட்டான்? நீ பிரம்மாவின் முகத்தில் பிறந்தாயா, காலில் பிறந்தாயா என்று கேட்டான். காலில் பிறந்தவனுக்குப் படிப்பு இல்லையென்றான். இப்பொழுது கேட்கப்படுவது, நீ எந்தக் கோட்டுக்கு இந்தப்புறம் பிறந்தாய் என்பது. இரண்டிலும் பிள்ளை செய்த காரியம் ஒன்றுமில்லை. புரோகிதனாவது முன் ஜன்மத்துப் பாவம் என்று பிள்ளையின் பேரிலேயே ஒரு பொய்க் குற்றம் சாட்டினான். சர்க்கார் அவ்வளவுகூடச் சிரமப்படுவதில்லை. தகப்பன் படகேறினான், ஆதலால் மகன் அனுபவிக்கட்டும் என்கிறது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, மேல்படிப்பில் அகதிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடங்கள் நிறுத்தப்பட்டு, 1996இல்தான் திரும்பக் கிடைத்தன. நடுவில் பன்னிரண்டாவது தேறியவன் என்ன குற்றம் செய்தான்?

வெள்ளைக்கார தேசங்களிலும் இந்த விஷயம் வந்து பார்த்தாகிவிட்டது. இங்கிலாந்தில் 2016ஆம் வருஷம் அக்டோபரில் பள்ளிக்கூடக் கணக்கெடுப்பிலே பிள்ளையின் தேசியத்தையும் பிறந்த நாட்டையும் கேட்க ஆரம்பித்தார்கள். படிப்பு வசதிக்காகக் கேட்கிறோம் என்றார்கள். ஆனால் கல்வி இலாகாவுக்கும், குடியேறியவர்களைப் பிடிக்கிற உள்நாட்டு இலாகாவுக்கும் ஏற்கெனவே ஒரு ஒப்பந்தம் இருந்தது வெளியாயிற்று. மாதத்திற்கு 1,500 பிள்ளைகள் வரையில் விவரம் கேட்டு வாங்கலாம் என்பது அந்த ஒப்பந்தம். சில பள்ளிக்கூடங்களில் கறுத்த பிள்ளைகளை மாத்திரம் பார்த்துப் பாஸ்போர்ட்டு கொண்டுவரச் சொன்னார்கள். பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. "சொல்ல மறுக்கிறோம்" என்று அந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிரபுக்கள் சபையிலேயே வருத்தத் தீர்மானம் நிறைவேறிற்று. 2018இல் அந்தக் கேள்வி கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில், சீட்டில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கிடையாதென்று 1975இல் சட்டம் செய்தார்கள். டைலர் என்ற ஊரில் தலைக்கு 1,000 டாலர் சம்பளம் கட்டு என்றார்கள். 1982இல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, பெற்றோர் செய்ததற்காகப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கக் கூடாதென்று தள்ளிவிட்டது. ஐந்துக்கு நான்கு என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில்தான்! பிறகு 2011இல் அலபாமாவில், புதிதாய்ச் சேருகிற பிள்ளையின் அந்தஸ்தை உபாத்தியாயர் விசாரிக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. யாரையும் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தும்படி அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அது அமுலுக்கு வந்த சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கு வரவில்லை. கோர்ட்டார் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. கேள்வி என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் டில்லி மாநகராட்சி, தன் பள்ளிக்கூடங்களில் படிக்கிற வங்காள தேசத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கும்படி உத்திரவு போட்டது. உபாத்தியாயர் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவரா, போலீசு ஜவானா? 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டார், படிப்பு விஷயத்தில் எந்தப் பிள்ளைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாதென்றும், ரோஹிங்யாப் பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்கூடங்களை அணுகலாமென்றும் சொன்னார்கள். அந்த ரோஹிங்யாக் குடும்பங்களில் சில, நம் கேளம்பாக்கத்தில் வசித்தவை. அவர்களும் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள்தான். பர்மா நகரத்துக்காரர்கள் அவர்களை அந்நியர் என்று சொல்ல வாயெடுக்குமுன் தங்கள் பாட்டியை ஒரு தரம் நினைத்துக் கொள்ளட்டும்.

இங்கே ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "அப்படியானால் ஜாதிக் கட்டத்தையும் எடுத்துவிடச் சொல்வீர்களா?" என்று. நியாயமான கேள்வி. ஜாதியும் மதமும் சொல்ல விரும்பாதவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடலாமென்று 1973லேயே இந்த ராஜ்யத்தில் உத்திரவு இருக்கிறது, 2000த்தில் மறுபடியும் வந்தது. ஆனால் ஜாதியின் பேரால் படிப்பு மறுக்கப்பட்டவன், அதே ஜாதியின் பேரைச் சொல்லித்தான் பறிபோனதைத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. அவனைப் பார்த்து "ஜாதியைச் சொல்லாதே" என்று உபதேசம் செய்கிறவன் பெரும்பாலும் தின்று முடித்தவனாயிருப்பான். ஆகவே நான் பார்ப்பதெல்லாம், பதிலை வாங்கிக்கொண்டு கதவைத் திறக்கிறாயா, சாத்துகிறாயா என்பதுதான். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுப்பதற்காகக் கேட்டால் கேட்கட்டும், எந்த இலாகாவுக்கும் அனுப்புவதில்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். எதற்கென்று சொல்லத் தெரியாமல் கட்டம் இருக்கிறதே என்பதற்காக மாத்திரம் கேட்பதானால், அந்தக் கட்டம் எதற்கு?

கடைசியாக, காரியத்திற்கு வருகிறேன். அரசியல் சட்டத்தின் 21-ஏ பிரிவில் ஆறு முதல் பதினாலு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பு என்றுதான் எழுதியிருக்கிறது, பிரஜைகளின் பிள்ளைகளுக்கு என்று எழுதவில்லை. 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 14வது பிரிவில், வயதுக்கு அத்தாட்சி இல்லையென்று எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்கக் கூடாதென்று இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் எண்ணூருக்கு வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. ஆதார் கார்டு இல்லை, ஊர்ச் சீட்டு இல்லை என்று சொன்னவுடன் பிள்ளையை மறுபடி செங்கல் சூளைக்கே அழைத்துப் போய்விடுகிறார்கள். வருகிற ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், நமது தோழர்களில் எழுதத் தெரிந்தவர்கள் நாலு நாலு பேராக இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் பள்ளிக்கூட வாசல்களில் காலை எட்டரை மணிக்கு நின்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். யாராவது திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பிள்ளையின் வகுப்பு, தேதி, மறுத்த காரணம் ஆகியவைகளைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே கல்வி அதிகாரியிடம் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் கூட்டம் கலைவதற்கு முன் இங்கே மேஜையிலுள்ள நோட்டுப் புஸ்தகத்தில் பெயர் கொடுங்கள். ஹிந்தியோ ஒரியாவோ பேசத் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.