நடுவே ஒரு வெற்றிடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தாங்கள் எண்ணலாம். புசா ரோட்டில் வாழும் நம்மைக் காண ஊரிலிருந்து உறவினர் வந்திறங்குமிடம் இன்று ரயில் நிலையம் மட்டுமன்று. பாலம் விமான நிலையமுமாகும். அவ்வுறவே என் தகுதி.

சென்ற கோடையில் என் தமக்கையார் வந்த விமானம், தரையை நெருங்கியபின் மீண்டும் மேலேறி, அரைமணி தாமதித்து இறங்கியது. வெளியே காத்திருந்த நான் சலித்துக்கொண்டேன். அது தவறென்று பின்னரே உணர்ந்தேன்.

1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும், இங்கு இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. 349 பேர் மாண்டனர். வரவுக்கும் போக்குக்கும் வானில் ஒரே வழி இருந்த காலம் அது. 15,000 அடியில் நிற்கவேண்டிய விமானம், மற்றதன் உயரமாகிய 14,000 அடிக்குத் தாழ்ந்துவிட்டது. அதன் பின்னரே வழிகள் பிரிக்கப்பட்டன. மோதலை எச்சரிக்கும் கருவியும் கட்டாயமாயிற்று.

இன்று பாலத்தில் நான்கு ஓடுபாதைகள் உள்ளன. நான்காவது 2023இல் திறக்கப்பட்டது. இணையான இரு பாதைகளில் ஒரே வேளையில் விமானங்கள் இறங்கினால் மோதாதிருப்பது எங்ஙனம்? அவை ஒன்றையொன்று சாராது இறங்குவதற்கு, பாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் இருத்தல் வேண்டுமென்பது உலக விதி. தத்தம் நேர்வழியில் நிலைபெறும்வரை, அவற்றிடையே 1,000 அடி உயர வேறுபாடோ மூன்று கடல்மைல் தொலைவோ வேண்டும். அதன்பின் இரு வழிகளுக்கும் நடுவே, குறைந்தது 610 மீட்டர் அகலமுள்ள வான்வெளி எவரும் நுழையாத வெற்றிடமாகக் காக்கப்படும். ஒரு விமானம் வழிதவறி அதனுள் புகுந்தால், ராடாரில் கண்காணிக்கும் அதிகாரி, தவறு செய்யாத மற்ற விமானத்தை உடனே மேலேறி விலகும்படி பணிப்பார்.

எங்கள் ரயில்வேயிலும் இம்முறை உண்டு. வண்டி கைகாட்டியைத் தாண்டிவிடக்கூடுமென்று கருதி, அதற்கப்பாலும் சிறிது தண்டவாளத்தை வெறுமையாக வைத்திருப்போம். மனிதன் தவறமாட்டான் என்ற நம்பிக்கையினாலன்று. தவறினாலும் உயிர் போகலாகாது என்பதனாலேயே.

ஆகவே அன்பர்களே, நம்மவர் வரும் விமானம் வட்டமிட்டுத் தாமதித்தால் சினவாதீர்கள். அந்த வெற்றிடமே அவர்களை நம்மிடம் கொண்டு சேர்க்கிறது.