மொழிப் பாடத்தில் இலக்கியத்தின் இடம்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டில் பேச வாய்ப்பளித்த சங்கத்தாருக்கு என் நன்றி. பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். பிள்ளைகளுக்கு மொழியைக் கற்றுக்கொடுக்கும்போதே இலக்கியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொழி நன்றாக வந்தபிறகு இலக்கியம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் இரண்டுமே கைகூடாது.

“ஐயா, இலக்கியம் படித்தால் மதிப்பெண் கூடுமா? கட்டுரைக்கும் கருத்தறிதலுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் பயிற்சி கொடுத்தால் போதாதா?” என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம். தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். வீட்டில் அதிகம் காதில் விழாத மொழியில் தேர்வு எழுதப் போகும் பிள்ளையை நினைத்துப் பெற்றோர் கவலைப்படத்தான் செய்வார்கள். அதனால் பயிற்சித்தாள், மாதிரிக் கட்டுரை, மரபுத்தொடர்ப் பட்டியல் என்று வாங்கிக் குவிக்கிறோம்.

ஆனால் பட்டியலில் படித்த சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. அந்தச் சொல்லோடு ஒரு முகமோ, நிகழ்ச்சியோ, உணர்ச்சியோ சேர்ந்திருக்கவில்லை. அதைச் சேர்த்துக் கொடுப்பது இலக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ‘பிணை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அகராதியைத் திறந்தால் ‘ஜாமீன்’ என்று இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே விளங்காது. அதே பிள்ளைக்குச் சீறாப்புராணத்தில் வரும் ‘மானுக்குப் பிணை நின்ற படலத்தை’ச் சொல்லுங்கள். வேடனிடம் ஒரு பெண்மான் சிக்கிக்கொள்கிறது. பசித்திருக்கும் குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. காட்டுக்குள் போன மான் திரும்பி வருமா என்கிறான் வேடன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். மானும் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது.

இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குப் பிணை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ‘நீ அந்த மானாக இருந்தால் திரும்பி வருவாயா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்காத மாணவனும் பேசுவான். வாய்மொழிப் பயிற்சி அங்கேயே நடந்துவிடுகிறது. பழந்தமிழில் பெண்மானுக்கும் ‘பிணை’ என்றே பெயர் என்று சொன்னால் வகுப்பே வியக்கும். பிணைப்பு, பிணையம், பிணைக்கைதி என்று சொற்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். நாளிதழில் ‘பிணையில் விடுவிக்கப்பட்டார்’ என்ற செய்தியைப் பார்த்தால் தானாகவே விளங்கும்.

பழைய செய்யுள் கடினம் அல்லவா என்பீர்கள். கடினம்தான். ஆகவே வரிசையை மாற்றவேண்டும். முதலில் பேச்சுத்தமிழில் கதை. பிறகு ஒன்றிரண்டு பாடல்களை மட்டும் ஓசையோடு படித்துச் சொற்களைப் பிரித்துக் காட்டுதல். கடைசியாகப் பிள்ளை தன் சொந்தச் சொற்களில் எழுதுவது அல்லது நடித்துக் காட்டுவது. பொருள் தெரியாத மனப்பாடத்தைக் கொண்டு தொடங்கினால் வெறுப்புத்தான் மிஞ்சும். உமறுப்புலவரும் நல்லாசிரியரின் வழியையே பின்பற்றினார். அரபு நாட்டு வரலாற்றைச் சொல்ல வந்தவர், தமிழர் அறிந்த மழையையும் ஆற்றையும் வயலையும் முன்னே வைத்தார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் சென்றார்.

பழையது மட்டும் போதாது. 2014ல் கலாசாரப் பதக்கம் பெற்ற கவிஞர் க.து.மு. இக்பால் சிறுவர் பாடல்கள் பல எழுதியவர். 2012ல் அவ்விருதைப் பெற்ற ஜே.எம். சாலி சிறுகதை எழுத்தாளர். நம் ஊரில் வாழ்ந்து எழுதியவர்களைப் படிக்கும் பிள்ளை, தமிழ் தாத்தா காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதை உணரும்.

நமக்கு இதில் ஒரு தனிக் கடமையும் உண்டு. 1887லேயே ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழை இங்கே நடத்தியவர் மகதூம் சாயபு. 1946ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய தமிழ்ப் பள்ளி உமறுப்புலவர் பெயரைத் தாங்கியது. 1960ல் உயர்நிலைப் பள்ளியான அது 1982ல் மூடப்பட்டாலும், அப்பெயர் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் நிலைத்திருக்கிறது. புலவரின் பெயர் தாங்கிய கட்டடத்துக்குள் சென்று வரும் நம் பிள்ளைக்கு, அவர் பாடிய ஒரு கதையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். சங்கத்தின் துணைப்பாட வகுப்புகளில் வாரந்தோறும் அரை மணி நேரத்தைத் தேர்வுத்தாள் இல்லாமல் இலக்கியத்துக்கு ஒதுக்குங்கள். உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களைப் பரிசாகக் கொடுங்கள். வீட்டில் இரவு பத்து நிமிடம் ஒரு கதையைத் தமிழில் சொல்லுங்கள். பசியாறுதல், ஆணம், நோன்பு, தொழுகை என்று நம் வீடுகளில் புழங்குவன நல்ல தமிழ்ச் சொற்கள். அவற்றைக் கூச்சமின்றிப் பேசுங்கள். வீட்டில் கேட்ட சொல்லை ஏட்டில் காணும் பிள்ளை அந்த ஏட்டை அந்நியமாக நினைக்காது.

ஐம்பது ஆண்டுகளாக இச்சங்கத்தைக் காத்த பெரியவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இம்மலரை நம் பிள்ளைகளும், அவர்களுடைய பிள்ளைகளும் தமிழிலேயே படிக்கட்டும்.