அறை பிடித்துக் கொடுத்த டீன்

இத்தாலிய இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியை உங்களுக்குத் தெரியும். அவருக்கு அறை பிடித்துக் கொடுத்த மனிதரைத் தெரிந்திருக்காது. அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகவும் டீனாகவும் இருந்த ஜார்ஜ் பெக்ரம்.

1876இல் வட கரோலினாவில் பிறந்தவர். அப்பா வேதியியல் பேராசிரியர். தோரியத்தின் கதிரியக்கத்தை ஆராய்ந்து 1903இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கேயே பொறியியல் பள்ளியின் டீன் ஆனார். 1930இல் ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று பதவியை விட்டார்.

நிர்வாகத்துக்குப் போன பேராசிரியர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவதில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். பெக்ரமோ அறுபதை நெருங்கும் வயதில், 1935இல், ஜான் டன்னிங் முதலான இளையவர்களோடு சேர்ந்து மெதுவான நியூட்ரான்களின் வேகத்தை அளந்தார். ஒரே அச்சில் சுழலும் தட்டுகள். அவற்றில் இடைவெளி விட்டு, நியூட்ரானை விழுங்கிவிடும் காட்மியம். தட்டுகள் சுழலும்போது, குறிப்பிட்ட வேகத்தில் வரும் நியூட்ரான்கள் மட்டுமே எல்லா இடைவெளிகளையும் தாண்டி மறுபக்கம் போகும். அவ்வளவுதான் கருவி. மறு ஆண்டே டீன் பதவி மறுபடி வந்து சேர்ந்தது, இம்முறை முதுநிலைப் புலங்களுக்கு.

இனி ஃபெர்மிக்கு வருவோம். அவர் மனைவி லாரா யூதக் குடும்பத்தவர். இத்தாலியில் இனச் சட்டங்கள் வந்துவிட்டன. நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போன குடும்பம் ரோமுக்குத் திரும்பாமல் 1939 ஜனவரி 2 அன்று நியூயார்க்கில் இறங்கியது. சில வாரங்களில் யுரேனிய அணுக்கருவைப் பிளக்க முடியும் என்ற செய்தி பரவியது. மார்ச் 16 அன்று பெக்ரம் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ஹூப்பருக்குக் கடிதம் எழுதினார்: யுரேனியம், எடைக்கு எடை, அதுவரை அறிந்த எந்த வெடிமருந்தையும்விடப் பத்து லட்சம் மடங்கு ஆற்றல் தரக்கூடும். கூடவே, அது நடக்க வாய்ப்பு குறைவு என்பதே தன் எண்ணம் என்றும் சேர்த்தார். ஆதரவு நாடி எழுதும் எவரும் விட்டுவிடக்கூடிய வரி அது. நான் அவரை மதிப்பது அந்த வரிக்காகத்தான்.

பிறகு, கொலம்பியாவில் அணுக்கருத் தொடர்வினைக்கு முயன்ற ஃபெர்மி குழுவுக்குப் பெரிய அறை தேவைப்பட்டது. கிராஃபைட் செங்கற்களையும் யுரேனிய ஆக்சைடையும் அடுக்க வேண்டுமே! வளாகம் முழுக்கத் தேடி ஷெர்மர்ஹார்ன் கட்டடத்தில் இடம் பிடித்தவர் டீன்தான். கரித்தூசி அப்பி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் போல இயற்பியலாளர்கள் சோர்ந்து நின்றதைக் கண்டு, மணிக்கணக்கில் சம்பளம் பேசிப் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி மாணவர்களை வைத்துக்கொள்ளலாமே என்றார். அவர்கள் கனமான சுமைகளை வெகு எளிதாகத் தூக்கினார்களாம். பின்னாளில் ஃபெர்மியே இதை ரசித்துச் சொன்னார்.

1942இல் அந்த வேலை சிகாகோவுக்கு மாறியது. தொடர்வினை டிசம்பர் 2 அன்று அங்கேதான் நடந்தது. பெக்ரம் கொலம்பியாவிலேயே இருந்தார். போர் முடிந்ததும், தனியொரு பல்கலைக்கழகத்தால் கட்ட முடியாத அணு உலைக்காகக் கிழக்குக் கரைப் பல்கலைக்கழகங்களை ஒன்றுசேர்க்கும் முயற்சியில் இறங்கினார். 9 பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. 1947இல் லாங் ஐலண்டின் பழைய ராணுவ முகாம் ஒன்றில் புரூக்ஹேவன் ஆய்வகம் தொடங்கியது.