நூற்றெட்டில் எட்டு யாருக்கு?



கால்பந்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். முத்துப்பேட்டைக்காரனிடம் இப்படிச் சொன்னால் விடிய விடியப் பேசுவான். நானோ இன்ஜினீயர். ஆட்டத்தை உங்களிடமே விட்டுவிட்டு, உலகக் கோப்பை வந்தால் கூடவே வருகிற பந்தய ரேட்டைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். நம் பக்கத்தில் பல வீடுகளில் ஒருத்தராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். இங்கே இருப்பவர் கையில் செல்போன் இருக்கிறது. இது தூரத்து சமாச்சாரம் இல்லை.

ஓர் உதாரணம். பலமான அணி ஜெயித்தால் 1.20, டிரா ஆனால் 6, பலமில்லாத அணி ஜெயித்தால் 12 என்று ரேட் போட்டிருக்கிறான். அதாவது 100 ரூபாய் கட்டியவருக்கு முதலோடு சேர்த்து 120, 600, 1,200 கிடைக்கும். இப்போது 100ஐ ஒவ்வொரு ரேட்டாலும் வகுத்துப் பாருங்கள். 83.3, 16.7, 8.3. கூட்டினால் 108.3 வருகிறது. நூறுதானே வரணும்? மூன்று பக்கமும் அந்தந்தத் தொகையைக் கட்டினால் கையை விட்டுப் போவது 108 ரூபாய் சொச்சம். எது நடந்தாலும் திரும்பி வருவது 100. நெல் வியாபாரி மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று பிடிக்கிற மாதிரிதான். அவராவது சொல்லிவிட்டுப் பிடிக்கிறார். இவன் ரேட்டுக்குள்ளேயே மறைத்து வைத்துவிடுகிறான்.

ரேட்டை ஜோசியம் மாதிரி நம்புகிறவர்கள் நிறைய. ஒரு பக்கம் பணம் குவிந்தால் அந்தப் பக்கத்து ரேட்டைக் குறைப்பார்கள். யார் ஜெயித்தாலும் தன் கல்லா காலியாகக் கூடாது என்பது புக்கியின் கவலை. 2022 நவம்பர் 22, கத்தாரின் லுசைல் மைதானம். 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா, சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. அதே அணிதான் டிசம்பர் 18இல் கோப்பையையும் தூக்கியது!

சிங்கப்பூரில் கால்பந்துப் பந்தயம் கட்டச் சட்டப்படியே இடம் உண்டு. அங்கேயே 2014 உலகக் கோப்பை சமயத்தில் சூதாட்டத்துக்கு எதிராக ஒரு விளம்பரம் வந்தது. தன் சேமிப்பு முழுவதையும் அப்பா ஜெர்மனி மேல் கட்டிவிட்டார், ஜெர்மனி ஜெயிக்கணும் என்று ஒரு சிறுவன் முகம் வாடிச் சொல்வான். கடைசியில் ஜெர்மனியே ஜெயித்துவிட்டது! ஊரே சிரித்தது. விளம்பரத்தை மாற்றினார்கள். பணம் திரும்பக் கிடைத்ததா என்று நண்பர்கள் கேட்க, இல்லை, அப்பா நிறுத்தவில்லை, இன்னொரு தடவை கட்டப் போகிறாராம் என்கிறான் பையன். எனக்கு இந்த இரண்டாவது விளம்பரம்தான் பெரிசு.

நம் மாநிலம் 2022இலும், நாடாளுமன்றம் 2025இலும் ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் போட்டன. சட்டத்தை வக்கீல்கள் பேசட்டும். நான் அந்த "இன்னொரு தடவை"க்கு மட்டும் கணக்குப் போட்டேன். மேலே சொன்ன கழிவோடு 100 ரூபாயை ஒரு தடவை சுற்றினால் சராசரியாக நிற்பது 92. நின்றதையே கட்டிக்கட்டிப் பத்துத் தடவை சுற்றினால் 45. கணக்கைச் சரிபார்க்க விரும்பும் தம்பிகள் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், பேப்பரில் போட்டுக் காட்டுகிறேன்.