பாட்டியின் பழைய கைப்பேசி



பழைய பொருளை எளிதில் எறிந்துவிடும் வழக்கம் நம் தோட்டங்களில் இல்லை. ஒழுகத் தொடங்கிய பால் வாளி, வீட்டு முன்புறத்தில் பூச்செடி வைக்க உதவும். தேய்ந்த கத்தி, கீரை அறுக்க உதவும். இன்று அந்த வரிசையில் பழைய கைப்பேசியும் சேர்ந்துள்ளது. அதை விடாமல் வைத்திருக்கும் பெரியவர்களைக் கண்டு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கத்தான் வேண்டுமா? இன்று இதைச் சற்று சிந்திப்போம்.

நாம் பணிபுரியும் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவனின் பாட்டி, பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது நோக்கியா 1100. 2003ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் 250 மில்லியனுக்கும் மேல் விற்பனையான கைப்பேசி அது. அதன் உச்சியில் சிறு விளக்கு உண்டு. இருட்டில் வாசலுக்கு இறங்கும்போது பாட்டிக்கு அதுவே துணை. பொத்தான்களில் எண்கள் அழிந்துவிட்டன. பின்மூடி கழலாமல் இருக்க ரப்பர் வளையம் போட்டிருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டியலில் மூன்று முறை கீழே இறங்கினால் பெரிய மகன், ஐந்து முறை இறங்கினால் மகள். இப்படித்தான் பிள்ளைகளை அழைப்பார்.

ஒரு தீபாவளிக்கு மூத்த பேரன் புதிய கைப்பேசி வாங்கி வந்தான். பழையதிலிருந்த சிம் அட்டையைக் கழற்றிப் புதியதில் போட்டான். பெயர்ப் பட்டியலோ வெறுமையாக இருந்தது. பழையதைத் திறந்து பார்த்தால், அதற்கும் உயிர் வரவில்லை. மறுநாள் பாட்டி பள்ளிக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, என் புள்ளைங்க எல்லாம் இதுக்குள்ளதான் இருக்காங்க. எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்றார்.

நேயர்களே, எண்களை இரண்டு இடங்களில் சேமிக்கலாம். ஒன்று சிம் அட்டை. மற்றொன்று கைப்பேசியின் சொந்த நினைவகம். நினைவகத்தில் சேமித்தவை சிம் அட்டையோடு வாரா. இது பேரனுக்குத் தெரியவில்லை.

பின்மூடியைத் திறந்து பார்த்தோம். பேட்டரி வீங்கியிருந்தது. பட்டணத்துக் கடையில் பி.எல்.-5சி என்னும் அதே வகைப் பேட்டரி கிடைத்தது. அதைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரன் ஒவ்வோர் எண்ணாக வாசித்தான். மளிகைக் கடைக் கணக்குக்கு நாம் வைத்திருப்போமே, அந்த 555 புத்தகம் ஒன்றில் எழுதினோம். லாரி ஓட்டும் மகனுக்கு ஒரு லாரி, மகளுக்கு ஒரு பூ என்று பக்கத்தில் படமும் வரைந்தோம்.

பாட்டியின் பற்று பொருளின் மீதன்று; அதற்குள் இருந்த உறவுகளின் மீது. அதை மதிக்க வேண்டும். ஆனால் உறவுகளை ஒரே ஒரு பெட்டிக்குள் பூட்டி வைப்பது ஆபத்து. கைப்பேசி கெடாவிட்டாலும் அதற்குரிய சேவை நின்றுபோகலாம். சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் முதல் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பிய கைப்பேசிகள் அங்கே பேச்சிழந்தன.

ஆகவே பிள்ளைகளே, இன்று மாலையே தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். அவர்கள் கைப்பேசியிலுள்ள எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு புத்தகத்தில் எழுதிக் கொடுங்கள். புதியதை வாங்கினால், எண்களை மாற்றிய பிறகே பழையதை ஒதுக்குங்கள். வீங்கிய பேட்டரியைக் குத்தாதீர்கள், மின்னேற்றாதீர்கள், குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள்; அது தீப்பற்றும். மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

பாட்டி இப்போது புதிய கைப்பேசியில் பேசுகிறார். பழையது தலையணை அருகில் இருக்கிறது, விளக்குக்காக. 555 புத்தகமோ சாமி படத்தின் கீழ் பத்திரமாக இருக்கிறது.