முப்பது வயதில் தொழில் பழகுவது வெட்கமா?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளைகுடாவில் ஏழெட்டு வருடம் உழைத்து விட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வாப்பாவின் கடையில் நின்று, அந்தக் கடையே படுத்துப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். வயது இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. "இனிமேல் என்ன கற்றுக் கொள்வது?" என்று தெருமுனையில் பொழுதைப் போக்கிக் கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன்: எலக்ட்ரீஷியன் தொழிலைக் கற்றுக் கொள்ளுங்கள். அரைகுறையாக அல்ல, முறையாகக் கற்றுக் கொள்ளுங்கள்.

வயது கடந்து விட்டதா?

தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.க்களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எட்டாவதோடு நின்றவர்களுக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது. இரண்டுமே 2 ஆண்டுப் பயிற்சி. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித் தொகையும் உண்டு.

பகலில் வகுப்புக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் ஒரு பாதை இருக்கிறது. மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு நடத்துகிறது. வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவமும், 21 வயது நிறைவும் இருந்தால் எழுதலாம். இதற்கும் உச்ச வயது வரம்பு இல்லை. சட்டம் உங்களைக் கிழவன் என்று சொல்லவில்லை. நீங்களாகவே சொல்லிக் கொள்கிறீர்கள்.

"ஐந்து வருடமா?" என்று மலைக்காதீர்கள். முப்பத்து மூன்று வயதுக்காரர் இன்று தொடங்கினாலும் தொடங்கா விட்டாலும், ஐந்து வருடம் கழித்து அவருக்கு முப்பத்தெட்டு தான். அந்த வயதில் கையில் சான்றிதழ் இருக்குமா, இருக்காதா என்பது தான் கேள்வி.

சின்னப் பையனிடம் கைகட்டி நிற்பதா?

வயதை விடப் பெரிய தடை இது தான். இருபத்திரண்டு வயதுப் பையன் மேஸ்திரியாக இருப்பான். "காடி வெட்டுங்க, பைப்பை எடுத்துட்டு வாங்க" என்பான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான நீங்கள் சுவர்த் தூசியில் நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டால், "ஹெல்பராக இருக்கிறார்" என்று சொல்ல உங்கள் மாமனார் தயங்குவார்.

நாடாண்ட தாவூத் நபி அவர்கள் இரும்பைக் கையாண்டு கவசம் செய்தவர்கள் என்று பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அதே ஊரில் கையில் பிளையர் பிடித்தவனை ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறோம். இது என்ன நியாயம்? அந்தப் பையன் உங்களுக்கு வயதில் தம்பி, தொழிலில் உஸ்தாத். மரியாதையோடு கேளுங்கள், சொல்லித் தருவான்.

"பார்த்துப் பழகினால் போதாதா?"

போதாது சகோதரர்களே! இது உயிர் சம்பந்தப்பட்ட தொழில். 2000 வாட் கீசர் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். இதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் பாயின்ட் சூடேறி உருகும். கணக்குத் தெரிந்தவன் 16 ஆம்பியர் பாயின்டும் அதற்குத் தகுந்த தடிமனில் வயரும் போடுவான். கணக்குத் தெரியாதவன், "ஃபியூஸ் அடிக்கடி போகிறதே" என்று தடித்த கம்பியை முறுக்கி விட்டு வருவான். அதற்குப் பிறகு உருகப் போவது ஃபியூஸ் அல்ல, சுவருக்குள் இருக்கும் வயர்!

இன்னொன்று. எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். எம்.சி.பி. வயரைக் காப்பது, மனிதனைக் காப்பதல்ல. 50 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே இதயம் தடுமாறி நின்று விடக் கூடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. மனிதனைக் காக்க 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. வேண்டும், ஒழுங்கான எர்த் வேண்டும். பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்து இரண்டு ஓட்டையில் சொருகித் தருபவன் எலக்ட்ரீஷியன் அல்ல. அடுத்தவன் வீட்டுப் பிள்ளையின் உயிரோடு விளையாடுபவன்.

உங்கள் உயிரும் அப்படித் தான். மெயினை அணைத்தாலும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மின்சாரம் உள்ள இடத்தில் முதலில் சோதிக்க வேண்டும். இந்த ஒழுக்கத்தைக் கற்றுத் தரும் மேஸ்திரியிடம் சேருங்கள். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தால் உங்கள் அனுபவத்துக்கு உண்மையான சான்றும் கிடைக்கும்.

குடும்பம் எப்படிச் சாப்பிடும்?

நியாயமான கேள்வி. ஹெல்பர் கூலி குறைவு. முதல் ஓரிரு வருடம் வீட்டில் கை இறுகும். மனைவியிடம் முன்கூட்டியே பேசி, கணக்குப் போட்டு, அதற்குப் பிறகு இறங்குங்கள். ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். விசாவுக்கென்று மனைவியின் நகையை அடகு வைக்கத் தயங்காத நாம், உள்ளூரில் தொழில் பழகும் காலத்துக்கு அதில் ஒரு பங்கைச் செலவிட ஏன் தயங்குகிறோம்?

வெளிநாடு போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் உள்ளிட்ட தொழில்களுக்கு சவூதி அரேபியா இந்தியாவிலேயே திறன் தேர்வு வைக்கிறது. தொழில் தெரியாமல் போனால் வெயிலில் சுமை தூக்கும் வேலை. தெரிந்து போனால் தொழிலாளி என்ற மதிப்பு. உள்ளூரிலும் வேலை வளர்ந்து வருகிறது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் என்ற இலக்கோடு மத்திய அரசு 2024ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் தகடுகளைப் பொருத்தி இணைக்கத் தெரிந்த கைகள் வேண்டாமா?

வியாபாரிகளே, உங்களுக்கும் சில வார்த்தைகள்!

கடைக்கு வயரிங் செய்யும் போது உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். கூலியைப் பேரம் பேசினாலும் எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் பேரத்தில் கழிக்காதீர்கள்.

மஹல்லாவில் தொழில் பழகும் ஒருவரின் வீட்டுக்கு இரண்டு வருட அரிசிச் செலவை நான்கு வியாபாரிகள் சேர்ந்து ஏற்றுக் கொண்டால் என்ன? ஒரு செட் கருவிகள் வாங்கிக் கொடுத்தால் என்ன? மாதா மாதம் கை நீட்ட வைப்பதை விட இது மேலான உதவி.

மூன்றாவது, இது முக்கியம். "ஐந்து வருடம் என்னிடம் வேலை செய்தார்" என்று பொய்ச் சான்று கேட்டு யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தெரிந்தவன் பிள்ளை என்று இரக்கப்பட்டு நீங்கள் போடும் அந்தக் கையெழுத்து, அவனையோ அவன் வயரிங் செய்த வீட்டில் இருப்பவரையோ ஒரு நாள் கொன்று விடலாம். உதவி என்ற பெயரில் பொய்ச் சாட்சி வேண்டாம்.

இளைஞர்களே! வீட்டுக்குப் போனதும் பெட்டியில் கிடக்கும் பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள். நாளை காலை உங்கள் மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.க்குப் போய், சேர்க்கை எப்போது என்று கேளுங்கள். வாசலில் நிற்கும் பிள்ளைகள் உங்களை மாணவனின் தகப்பன் என்று நினைக்கலாம். நினைக்கட்டும். "நான் தான் மாணவன்" என்று சொல்லி விட்டு உள்ளே போங்கள்.